காய்ந்தால் சரியாகிவிடும்

பிப்ரவரி 6, செவ்வாய்

கிள்ளானில் ஏறும்போதே கொமுட்டர் ரயிலில் உட்கார இடமில்லை. பிரிக்பீல்ட்ஸ் பல் லேப்புக்குப் போய்ச் சேர மணி ஒன்பது பத்து. மேசையில் முதல் வேலை காத்திருந்தது: எழுபத்து நான்கு வயதுக்காரர் ஒருவருக்கு முன்பல். டாக்டர் சீட்டில் எழுதியிருந்த நிறம், பட்டியலில் இருப்பதிலேயே வெள்ளை. பக்கத்துப் பற்களின் படத்தைப் பார்த்தேன். எல்லாம் தே தாரெக் டீயின் நிறம்.

டாக்டருக்கு ஃபோன் போட்டேன். "இத வச்சா வாய்க்குள்ள டியூப் லைட் போட்ட மாதிரி இருக்கும், டாக்டர்."

"பேஷண்ட்டுக்கு அதான் வேணுமாம், புஷ்பவல்லி. செஞ்சிடுங்கலா."

செய்தேன். முப்பத்தொரு வருடமாக நான் கற்றுக்கொண்டதெல்லாம் புதுப் பல்லில் அளவாக அழுக்கு வைக்கத்தான். ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள், நுனியில் மயிரிழை மாதிரி ஒரு கீறல், சிகரெட் பிடிப்பவர் என்றால் இடுக்கில் பழுப்பு. எது புதுசு என்று கட்டிய பெண்டாட்டிக்கே தெரியக் கூடாது. அதுதான் வேலை. இப்போது வருகிறவர்களுக்கு நேர்மாறாக வேண்டும்: தெருக்கோடியிலிருந்தே தெரிய வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் கூடத்து மேசை முழுக்கப் பொம்மை ரயில். மகள் ஷாமினி செமினியிலிருந்து வந்து தன் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

பிப்ரவரி 7, புதன்

இவருக்குப் போன ஆகஸ்டில் ஸ்ட்ரோக் வந்தது. சின்னதுதான். நடை, பேச்சு எல்லாம் திரும்பிவிட்டது. வலது கை விரல்கள் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. விரல்களுக்கு நுணுக்க வேலை கொடுக்கச் சொன்னார் தெரபிஸ்ட். மணி கோக்கச் சொன்னதற்கு, "நான் என்ன பூ கட்டறவனா?" என்று எழுந்து வந்துவிட்டார் இவர். முப்பத்து நான்கு வருடம் போர்ட் கிள்ளானில் கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் சரக்குப் பட்டியல் எழுதிய கை. அதற்கு மரியாதை வேண்டாமா!

அதனால்தான் ரயில். பெட்டாலிங் ஜெயாவில் ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் ஒரு பெட்டியாக வாங்கியிருக்கிறாள். இருபத்து நான்கு சரக்கு வேகன்கள், ஒவ்வொன்றும் விரல் நீளம். அந்தக் காலத்து இங்கிலாந்துப் பிளாஸ்டிக், அதிலும் மலிவு ரகம். வயது ஐம்பது. பார்த்தால் நேற்றுப் பிறந்த மாதிரி பளபளக்கின்றன. அவற்றைப் பழசாக்கிக் காட்டுவதுதான் விளையாட்டாம். வெதரிங் என்று பெயர்.

பழசைப் பழசாக்க ஒரு கலை. லேப்பில் கிழவரைக் குமரனாக்குகிறேன். வீட்டில் இது.

பிப்ரவரி 18, ஞாயிறு

பிரிக்பீல்ட்ஸில் மாதிரி ரயில் சங்கம் ஒன்று இருக்கிறதாம். மாதத்தின் முதல் ஞாயிறு கூடுவார்கள். செயலாளர் சிவநேசன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இவரோடு கிள்ளானில் படித்தவர். வாட்ஸாப்பில் ஒரு பட்டியலே அனுப்பிவிட்டார். பிளாஸ்டிக் சக்கரத்தைக் கழற்றி இரும்புச் சக்கரம் போடு. உள்ளே தூண்டில் ஈயம் வைத்து எடை ஏற்று, இல்லாவிட்டால் வளைவில் கவிழும். தடித்தடியாய் இருக்கும் கைப்பிடிகளைச் சீவிவிட்டு மெல்லிய கம்பி வை. கடைசியாக அழுக்கு.

"புஷ்பா, உன் லேப்புல பல்லு கட்டற கம்பி இருக்குமே?"

ஒரு சுருள் கொண்டுவந்தேன். வளைத்தும் கொடுத்தேன். ஆறு வேகனுக்கு நாற்பத்தெட்டுக் கைப்பிடி. "பரவால்ல, உனக்கும் கை வருது" என்றார்.

நன்றி.

மார்ச் 3, ஞாயிறு

இவர் முடித்த முதல் வேகனைச் சங்கத்துக்கு எடுத்துப் போனார். நானும் கூடப் போனேன். அழுக்கு என்று இவர் பூசியது பழுப்பு பெயிண்ட், ஒரே பூச்சாக, கூரையிலிருந்து சக்கரம் வரை. சிவநேசன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்ன சபாபதி, மைலோ டம்ளர்ல முக்கி எடுத்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. இவரும் சிரித்தார்.

மார்ச் 6, புதன்

வேகன்கள் கட்டிலுக்கடியில். கைப் பயிற்சியும் நின்றுவிட்டது. டிவியைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கிறார்.

மார்ச் 9, சனி

சனிக்கிழமை நான்கிலிருந்து ஆறு வரை இவருக்குக் கோயில் கமிட்டி. போனதும் கட்டிலுக்கடியிலிருந்து அந்த மைலோ வேகனை எடுத்தேன். ஏன் எடுத்தேன்? தூசி தட்டத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

லேப் ஸ்பிரிட்டில் தூரிகையை நனைத்து மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு. மழை ஒழுகும் திசை. பழுப்பு கரைந்து பலகை இடுக்குகளில் மட்டும் தங்கியது. தங்க வேண்டிய இடமும் அதுதான். அதன்மேல் நீர்த்த கறுப்பு ஒரு கை, துடைப்பு. கிழித்த ஸ்பாஞ்சால் கதவுக் கீலில் இரண்டு ஒற்று, துரு. சக்கரத்துக்கு மேலே சாக்பீஸ் தூள். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. காய வைக்க ஹேர் டிரையர்.

மேசை நடுவில் வைத்துவிட்டு, கேட்டால் சொல்லிவிடலாம் என்று சமையலுக்குப் போனேன்.

வந்தார். நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "புஷ்பா! இங்க வா. இது என் வேகனா?"

"ஆமா."

"பாத்தியா! காஞ்சதும் கலர் இறங்கிருச்சு. அந்த சிவநேசனுக்கு என்னா தெரியும்? ஈரத்துல பாத்துட்டு சிரிச்சான். பெயிண்ட்டுக்கு டைம் குடுக்கணும்!"

இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 16, சனி

நேற்று இரண்டாவது வேகனுக்குப் பழுப்பு அடித்து முடித்தார். இன்று நான்கு மணிக்குக் கமிட்டிக்குப் போனார். ஆறு மணிக்குள் அது காய்ந்துவிட்டது.

மார்ச் 30, சனி

மேலும் இரண்டு காய்ந்தன.

ஏப்ரல் 7, ஞாயிறு

சங்கத்தில் நான்கு வேகன்களையும் வரிசையாக வைத்தார். யாரும் சிரிக்கவில்லை. சிவநேசன் ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்படிச் செஞ்ச, சபா?"

"நான் ஒண்ணும் செய்யல. அடிப்பேன், விட்டுருவேன். மீதிய அதுவே பாத்துக்கும். நீங்கல்லாம் நோண்டிக்கிட்டே இருக்கீங்க, அதான் கெடுது."

பொய்யே இல்லை. அத்தனையும் சத்தியம். மூலையில் உட்கார்ந்து கறிபாப் தின்றுகொண்டிருந்தேன், புரையேறிவிட்டது.

ஏப்ரல் 19, வெள்ளி

ஆஸ்பத்திரி. தெரபிஸ்ட் பெண் இவர் கையைப் பிடித்து இழுத்து, நசுக்கி, பொத்தான் போடச் சொல்லிப் பார்த்தாள். "அங்கிள், நல்லா இம்ப்ரூவ் ஆயிருக்கு. வீட்ல என்ன செய்றீங்க?"

"ரயில்வே" என்றார் இவர்.

சக்கரம் மாட்டுவது, ஈயம் ஒட்டுவது எல்லாம் இவரே. தினமும் மூன்று மணி நேரம். வேகன் நன்றாக வருகிறது என்று நம்புவதால் உட்காருகிறார்; உட்காருவதால் கை வருகிறது. இனிமேல் எப்படி நிறுத்த?

ஏப்ரல் 21, ஞாயிறு

ஷாமினியிடம் மட்டும் ஃபோனில் சொன்னேன்.

"அம்மா! சீட்டிங்லா இது."

"உங்கப்பா கை சரியாகுது."

"சரி, அப்பாவுக்காக செய்றீங்க. ஓகே. உங்களுக்குப் பிடிக்கலையா?"

குக்கர் விசில் அடிக்கிறது என்று வைத்துவிட்டேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை.

மே 11, சனி

பிடிக்கிறது. இங்கே எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள். வாரம் முழுக்க லேப்பில் டியூப் லைட் பல்லாகச் செய்துவிட்டு, சனிக்கிழமை நான்கு மணிக்கு இவர் கார் கேட்டைத் தாண்டும் சத்தத்துக்குக் காத்திருக்கிறேன். கள்ளக் காதல் மாதிரி இருக்கிறது இந்த வயசில்.

இன்று ஒரு எண்ணெய் டேங்கர் வேகன். நிரப்பும் வாயிலிருந்து வழிந்து காய்ந்த கோடு ஒன்று வைத்தேன், கீழே வரவர மெலிவது போல. கோணல் பல்லில் காப்பிக் கறை இறங்குவது அப்படித்தான். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதைவிட நல்லதாக நான் எதையும் செய்ததில்லை என்று தோன்றியது.

ஆறு மணிக்கு வந்து பார்த்துவிட்டு இவர் சொன்னது: "இது கொஞ்சம் சுமாராத்தான் காஞ்சிருக்கு."

ஜூன் 2, ஞாயிறு

அந்த 'சுமார்' டேங்கருக்கு ஆண்டின் சிறந்த வேகன் கோப்பை. இவர் பேசினார், பத்து நிமிடம். தலைப்பு: பொறுமை. கடைசியில், "என் மிஸஸுக்கும் நன்றி சொல்லணும். கம்பி சப்ளை அவங்கதான்."

கை தட்டினார்கள். எழுந்து கும்பிட்டேன்.

மிஸ்டர் லிம் மட்டும் தட்டவில்லை. சங்கத்தில் வயதானவர் அவர். பெட்டாலிங் ஜெயாவில் பட்டறை வைத்து நாற்பது வருடம் கார்களுக்கு பெயிண்ட் அடித்தவர். டேங்கரை மோந்து பார்த்தார். மோந்து! அதைச் சுற்றி எடுத்து வந்திருந்தது என் ஸ்பிரிட் துணியில்.

"ஸ்பிரிட் வாசம் வருதே" என்றார் ஆங்கிலத்தில்.

"ஸ்ட்ரோக் வந்த கை லா, அடிக்கடி துடைச்சுக்குவேன்" என்றார் இவர். எங்கிருந்துதான் இப்படிப் பதில் வருகிறதோ.

அடுத்த கூட்டத்தில் நேரடிச் செயல்விளக்கம் தருமாறு சிவநேசன் கேட்டார். எல்லோர் முன்னாலும், ஆரம்பத்திலிருந்து கடைசி வரை. இவர் ஒப்புக்கொண்டார்.

ஜூன் 3, திங்கள்

என்ன செய்யப் போகிறேன்?

ஜூன் 22, சனி

சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என்னங்க, அந்த டெமோ வேணாமே" என்றதும், "ஏன், நான் மேடையில சொதப்பிருவேன்னு பயமா?" என்று கேட்டார். கண்ணில் அந்த மார்ச் மாதப் பார்வை, சுவரைப் பார்த்தாரே, அது. "இல்லீங்க, வெயில் ஜாஸ்தியா இருக்கு" என்றேன்.

வெயிலுக்கும் டெமோவுக்கும் என்னடி சம்பந்தம்?

ஜூலை 7, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

ஹாலில் நாற்பது பேர். இவர் போன தீபாவளிக்கு எடுத்த பூப்போட்ட பாத்தேக் சட்டையில். ஒரு வேகனை எடுத்தார். சக்கரம் மாற்றினார், எடை வைத்தார். கை நடுங்கவே இல்லை, அழகாகச் செய்தார். எனக்கே பெருமையாக இருந்தது. பிறகு பழுப்பு டப்பாவைத் திறந்தார். கூரையிலிருந்து சக்கரம் வரை, ஒரே பூச்சு. மைலோ.

எல்லோரும் குறிப்பு எடுத்துக்கொண்டார்கள்.

"இப்ப கல்லு மாதிரி உக்காரணும். ஒண்ணும் செய்யக் கூடாது. சாப்ட்டு வந்து பாப்போம்."

முன்வரிசையிலிருந்து மிஸ்டர் லிம்: "சபா, நாற்பது வருஷம் கார் அடிச்சிருக்கேன். சாப்பிட்டு வந்து பார்த்தால் பெயிண்ட் நல்லா ஆனதே இல்லை." ஜோக் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள், "ஆன்டி, நீங்களும் செய்வீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "அவங்களுக்கு இதுல இன்ட்ரெஸ்ட் இல்லம்மா. சும்மா துணைக்கு வந்திருக்காங்க."

எல்லோரும் கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனார்கள். "நீ இங்கயே இரு, புஷ்பா. யாரும் தொட்ராம பாத்துக்க. உனக்குப் பார்சல் வாங்கியாரேன்" என்று போனார். நானும் அந்த வேகனும் மட்டும். கைப்பையில் ஸ்பிரிட், தூரிகை, ஸ்பாஞ்ச், சாக்பீஸ் தூள், ஹேர் டிரையர் வரைக்கும் வைத்திருந்தேன். ஒரு மணி நேரம் தாராளம்.

பையைத் திறந்தேன். தூரிகையை எடுத்தேன்.

சும்மா துணைக்கு வந்திருக்காங்க.

பையை மூடிவிட்டேன். காயட்டும். அதுவே காயட்டும், பார்ப்போம்.

இரண்டு மணிக்கு வந்தார்கள். நாற்பது தலைகளும் குனிந்தன. மைலோ அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்சம் கெட்டியாக. இவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மேலே பார்த்தார்.

"ஏர்கான்" என்றார். "ஏர்கான் ஜாஸ்தி. இதுல எப்படிக் காயும்?"

"ஆமாமா" என்றார் சிவநேசன். இரண்டு பேர் ஏர்கானைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டார்கள்.

ஜூலை 8, திங்கள்

வேகன் கூடத்து மேசையில். இவர் எதிரே நாற்காலியில்.

ஜூலை 9, செவ்வாய்

ஜன்னல் பக்கம் மாற்றி வைத்திருக்கிறார்.

ஜூலை 11, வியாழன்

இன்று காலை கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேகனை இல்லை. விரல்களை மடக்கி நீட்டி. "என் கைல ஏதோ கோளாறு, புஷ்பா. முன்ன மாதிரி வரல. திரும்ப வருதோ என்னவோ" என்றார்.

ஸ்ட்ரோக் திரும்ப வருகிறதோ என்று பயப்படுகிறார். ஐயோ. நான் என்ன செஞ்சிட்டேன்? ஒரு வார்த்தைக்குக் கோபப்பட்டு... கை நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி அந்தக் குட்டிச் சக்கரத்த மாட்டினீங்களே, அந்தக் கைக்கு என்ன? இதைச் சொல்ல வேண்டும் என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

ஜூலை 13, சனி

நான்கு மணிக்கு இவர் கமிட்டிக்குப் போகவில்லை. வேகனுக்குக் காவல்.

பையை எடுத்துவந்து இவர் எதிரே உட்கார்ந்தேன். பேப்பர் விரித்தேன். ஸ்பிரிட்டில் தூரிகையை நனைத்து, வேகனை எடுத்து, மேலிருந்து கீழாக இழுத்தேன்.

"ஏய், ஏய்! என்ன பண்ற!"

"பாருங்க."

பார்த்தார். பழுப்பு இறங்கி இடுக்கில் நின்றது. கறுப்பு. துடைப்பு. கீலில் துரு. சாக்பீஸ் தூள். ஒரு மணி நேரம் நான் தலை நிமிரவில்லை. முடித்து மேசை நடுவில் வைத்தேன்.

"எத்தனை?" என்றார்.

"பதினாறு. எல்லாமே."

"கோப்பை வாங்குனது?"

"அதும்."

"சனிக்கிழமை."

"ஆமா. உங்க கைல ஒரு கோளாறும் இல்லைங்க. பெயிண்ட்தான் வராது. மத்ததெல்லாம் —"

"சிரிச்சிருப்ப, இல்ல? ஒவ்வொரு வாரமும். நான் மைக்கைப் பிடிச்சிக்கிட்டு பொறுமை பொறுமைன்னு பேசறப்ப."

எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சிரிச்சேன். அது பொய்யில்ல. ஆனா சிரிக்கறதுக்காகச் செய்யல. முதல்ல உங்களுக்காகச் செஞ்சேன். அப்புறம் எனக்காகச் செஞ்சேன். இதை எந்தக் கதவுக்குச் சொல்ல?

ஜூலை 17, புதன்

இவரே காப்பி கலக்கிக் குடிக்கிறார். எனக்கும் ஒன்று கலக்கி மூடி வைத்திருக்கிறார், பேசாமலேயே. சர்க்கரை போடவில்லை. வேண்டுமென்றா, மறந்தா?

ஜூலை 21, ஞாயிறு

காலையில் மேசையில் ஒரு தாள். கையால் எழுதியது, கோணல்மாணலாக, ஆனால் வரிசை தப்பாமல். கப்பல் ஆபீஸில் சரக்குப் பட்டியலில் பிழை வந்தால் இப்படித்தான் எழுதுவார்களாம்.

"திருத்தம். வேகன் எண் 1 முதல் 16 வரை. முன்பு அறிவித்தது: எல்லா வேலையும் சபாபதி. திருத்திய விவரம்: சக்கரம், எடை — சபாபதி. கைப்பிடி, வண்ணம், துரு, அழுக்கு — மனைவி புஷ்பவல்லி. எண் 9-க்கான கோப்பை தவறான முகவரிக்கு வந்துள்ளது. பிழைக்கு வருந்துகிறேன்."

"இத சங்கத்து குரூப்ல போட்டுட்டேன்" என்றார். எட்டு நாளைக்குப் பிறகு முதல் வார்த்தை.

"எதுக்குங்க?"

"தப்பான லிஸ்ட்டோட எந்தக் கப்பலையும் நான் அனுப்புனதில்ல."

ஜூலை 22, திங்கள்

குரூப்பில் முப்பத்தெட்டு பேர் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார்கள். "என்ன ஒரு பணிவு, boss!" "மனைவியை இப்படிக் கௌரவிக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?" சிவநேசன் நீளமாக எழுதியிருக்கிறார்: பெரிய கலைஞர்கள் எப்போதும் பிறருக்கே புகழைக் கொடுப்பார்கள், அடுத்த கூட்டத்தில் சபாபதி 'இல்லறமும் கலையும்' என்று பேச வேண்டும்.

இவர் ஃபோனைச் சோபாவில் எறிந்தார். "தப்பு என்னுதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாலும் நம்ப மாட்டேங்கறானுங்களே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. முறைத்தார். பிறகு இவருக்கும் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

மிஸ்டர் லிம் மட்டும் தனியாக இவருக்கு ஒரு வரி அனுப்பியிருக்கிறார்: "எனக்கு ஜூன்லயே தெரியும். என்கிட்ட ஒரு பழைய வேகன் இருக்கு. மிஸஸ் பாப்பாங்களா?"

ஜூலை 28, ஞாயிறு

இவர் சிவநேசனுக்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில். "இல்லறமும் வேணாம் ஒண்ணும் வேணாம். அவ செய்வா. நீ பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து பாரு."

"அவங்களுக்கு இன்ட்ரெஸ்ட் இல்லன்னு நீதானே சொன்ன?"

"அதுக்கும் ஒரு திருத்தம் எழுதணுமா?"

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இரண்டு மணி நேரம். சாப்பாட்டு இடைவேளை கிடையாது. லிம்முடைய வேகன்தான். முதல் பத்து நிமிடம் தூரிகை பிடித்த விரல் வழுக்கியது, அவ்வளவு வியர்வை. பிறகு யார் இருக்கிறார்கள் என்பதே மறந்துவிட்டது. முடித்துத் தலை நிமிர்ந்தேன். லிம் வேகனை வாங்கி, திருப்பிப் பார்த்து, யாரிடமும் கொடுக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சிவநேசன் தொண்டையைச் செருமினார். "பிரமாதம். சபாபதி நல்லா கத்துக் குடுத்திருக்காரு."

இவர் பின்வரிசையிலிருந்து எழுந்தார். "நான் கத்துக் குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான், சிவா. சும்மா இருக்கறது. நல்லவேளை, அவ கேக்கல."

கோப்பையில் பெயர் மாற்றுவது பற்றிச் செயற்குழு பரிசீலிக்குமாம். தலைமையாசிரியர் அல்லவா.

ஆகஸ்ட் 17, சனி

இவர் கமிட்டிக்குப் போனார். திரும்பும்போது கார் ஹாரனைக் கேட்டிலேயே மூன்று தடவை அடித்தார். "எச்சரிக்கை குடுத்தேன். எதுனா ஒளிச்சு வைக்கணும்னா வச்சுக்க" என்றார். ரொம்பக் குறும்பு.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காப்பார் பக்கம் தண்டவாளத்தோரம் பழைய சரக்கு வேகன்கள் நிற்கின்றன என்று லிம் சொல்லியிருந்தார். நிஜத் துரு எப்படி இறங்குகிறது என்று படம் எடுக்கப் போனோம். நான் கார் ஓட்டினேன். போய் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. மழையில்தான் துருவின் நிறம் தெரியும், அதனால் திரும்பவில்லை. வேலியோரம் மண்டியிட்டு ஒரு கதவுக் கீலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

காவல்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். மலாயில் கேட்டார், இங்கே என்ன செய்கிறீர்கள் என்று.

இவரும் மலாயில் சொன்னார், ரொம்ப நிதானமாக: "என் மனைவி வேலையா இருக்காங்க. தொந்தரவு பண்ண வேணாம். நான் குடை பிடிக்க வந்தவன்."

காவல்காரர் என்னைப் பார்த்தார், வேகனைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். சரி என்று போய்விட்டார்.

குடையைக் கேமராவுக்குத்தான் பிடித்திருந்தார். நான் தொப்பலாக நனைந்துவிட்டேன்.